‘போலீஸ் அராஜகம்’ என்று தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும் துணை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

இருபது வருடத்துக்கு மேல் பிழை திருத்தும் மேசையில் உட்கார்ந்து எழுந்தவன் நான். இரவு பதினொரு மணிக்கு, பக்கம் முடிகிற நேரமாகப் பார்த்து, ஒற்று மிகுமா மிகாதா என்று வந்து உங்கள் உயிரை எடுத்த ஆட்களில் ஒருவன். இப்போது ஓய்வு. கையில் பேனா இல்லாமல் பேப்பர் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. இந்த மடலும் ஒரு சொல்லைப் பற்றியதுதான். சொல், ‘அராஜகம்’.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாளிதழின் மே தின இணைப்பு என் மேசைக்கு வந்தது. ‘சிகாகோவில் தூக்கிலிடப்பட்ட நால்வரும் அரசின்மைவாதிகள்’ என்று கட்டுரையில் ஒரு வரி. சரியான வரி. இரவுப் பணியில் இருந்த தம்பிக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார், ‘அனார்க்கிஸ்ட்’ என்றேன். “அதுக்குத்தான் அராஜகவாதின்னு நம்ம சொல் இருக்கே சார்” என்று மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. மே தினத் தியாகிகளை அராஜகவாதி என்று எழுத உங்களுக்கு என்ன துணிச்சல் என்று பழைய தொழிற்சங்கக்காரர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். அதற்கடுத்த நாள் உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி: ‘அராஜகவாதிகள் என்பதைத் தொழிலாளர் தலைவர்கள் என்று திருத்தி வாசிக்கவும்.’

ஆக, சரியாக இருந்த ஒரு தகவல் இரண்டே நாளில் இரண்டு தடவை கெட்டது. முதலில் அவர்கள் ரவுடிகளானார்கள். பிறகு கொள்கையே இல்லாதவர்களானார்கள்.

அவர்கள் அனார்க்கிஸ்டுகள்தான், மேலே ஆள்பவர் யாரும் இல்லாமல் ஜனங்களே கூடி நடத்திக்கொள்ளலாம் என்ற கொள்கைக்காரர்கள். ஸ்பைஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கல். 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலைக்காக சிகாகோவில் நடந்த போராட்டத்தில், ஹேமார்க்கெட் என்ற சதுக்கத்தில் கூடிய கூட்டத்தில் யாரோ குண்டு வீசினார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த வழக்கில் இந்த நால்வரும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கில் தொங்கினார்கள். சிறையில் மிச்சமிருந்த மூவரை 1893-இல் இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே ஒழுங்காக நடக்கவில்லை என்று எழுதி விடுதலை செய்தார். நம் தொழில்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பைஸ் ஒரு ஜெர்மன் மொழி நாளிதழின் ஆசிரியர். ஃபிஷர் அதே பத்திரிகையில் அச்சுக் கோத்தவர். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினாரே, அந்த நாளுக்குப் பின்னால் இருக்கும் பிணங்கள் இவர்களுடையவை.

சரி, ‘அராஜகம்’ நம் பத்திரிகைகளில் என்ன வேலை பார்க்கிறது? மணல் லாரிகள் அராஜகம். ஷேர் ஆட்டோக்கள் அராஜகம். சுங்கச்சாவடியில் அராஜகம். இவற்றையாவது விட்டுவிடலாம். ‘போலீஸ் அராஜகம்’ என்று எட்டுக் காலத் தலைப்பு வைக்கிறீர்களே, அதை ஒரு முறை பிரித்துப் படித்துப் பாருங்கள். ராஜா இல்லாத நிலைதான் அ-ராஜகம். லத்தியும் தொப்பியுமாக ராஜாவே நேரில் வந்து அடித்தால் அதற்குப் பெயர் ராஜா இல்லாமையா? அரசு அளவுக்கு மேல் இருப்பதையும் அரசே இல்லாததையும் ஒரே சொல்லால் எழுதுகிற அதிசயம் நம்மிடம் நடக்கிறது. சோமாலியாவில் 1991-இல் அரசு சரிந்ததும் ஆளுக்கொரு பகுதியைத் துப்பாக்கியோடு பிடித்துக்கொண்டார்களே, அதையும் அராஜகம் என்றே எழுதினோம். அங்கே ராஜாக்கள் ஒன்றுக்குப் பத்தாக இருந்தார்கள்.

இது உங்கள் தவறு மட்டும் இல்லை. சொல் வந்த வழியே அப்படி. ராமாயணத்தில் தசரதன் இறந்ததும், அரசனில்லாத நாட்டில் மழை பெய்யாது, விதை விதைக்க முடியாது, மீன் மீனைத் தின்பதுபோல மனிதர்கள் ஒருவரை ஒருவர் தின்பார்கள் என்று பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். நம் பக்கமும் குறைவில்லை. நெல்லும் உயிரல்ல, நீரும் உயிரல்ல, மன்னன்தான் உலகத்துக்கு உயிர் என்று பாடிய மொழி இது. மேலே ஒருவன் இல்லாமல் கீழே ஒழுங்கு இருக்க முடியாது என்பது நமக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். ரௌலட் சட்டம் என்று நாம் சொல்லும் 1919-ஆம் வருடச் சட்டத்தின் முழுப் பெயரே ‘அனார்க்கிக்கல் மற்றும் புரட்சிக் குற்றங்கள் சட்டம்’. விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே போட ஒரு பெயர் தேவைப்பட்டது, அந்தப் பெயர் கிடைத்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1916 பிப்ரவரியில், காசியில் மகாராஜாக்கள் அமர்ந்திருந்த மேடையில் காந்தி எழுந்து, நானும் ஒரு அனார்க்கிஸ்ட்தான், ஆனால் வேறு வகை என்றார். அன்னி பெசன்ட் பதறிப்போய்ப் பேச்சை நிறுத்தச் சொன்னார்.

அந்தச் சொல்லைத் தனக்குத்தானே முதலில் பெருமையாகச் சூட்டிக்கொண்டவர் பிரான்சின் புருதோன். வருடம் 1840. அவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், பிழை திருத்தியவர். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட அற்ப சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

நம்மூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். எம்.பி.டி. ஆச்சார்யா. 1887-இல் சென்னையில் பிறந்தவர். பாரதி எழுதிய ‘இந்தியா’ பத்திரிகையை நடத்திய கூட்டத்தில் ஒருவர். கைதுக்குத் தப்பி 1908-இல் பத்திரிகையோடு புதுச்சேரிக்குப் போனவர். அங்கிருந்து லண்டன், அப்புறம் எங்கெங்கோ. 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது உடனிருந்தார். கட்சியை முன்னின்று தொடங்கிய எம்.என். ராயோடு ஒத்துப்போகவில்லை. பெர்லினுக்கு வந்து அனார்க்கிஸ்டானார், 1935-இல் பம்பாய் திரும்பிய பிறகும் கடைசிவரை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். பாரதியைப் பற்றி வருடத்துக்கு இரண்டு சிறப்புப் பக்கம் போடுகிறோம். இவருக்கு ஒரு பத்தி கிடையாது. எழுதினாலும் என்னவென்று எழுதுவீர்கள், ‘அராஜகவாதி ஆச்சார்யா’ என்றா? ஏதோ சாராய வழக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் அனார்க்கிஸ்ட் இல்லை. ரேஷன் அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவன், ஓய்வூதியம் ஒரு நாள் தாமதமானால் அலுவலகத்துக்கு மனு எழுதுபவன். ஆனால் இந்தக் கொள்கை நடக்குமா நடக்காதா என்ற கேள்வி கேட்கத் தகுந்தது. நம் சொல் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை. ‘அராஜகம் நடைமுறைக்கு ஒத்துவருமா?’ என்று தமிழில் கேட்டுப் பாருங்கள், கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நடந்த ஒரு இடத்தைச் சொல்கிறேன். ஸ்பெயினின் பார்சிலோனா, 1936 ஜூலை 19. ராணுவம் குடியரசுக்கு எதிராகக் கிளம்பியது. அந்த நகரத்தில் அதைத் தெருவில் நின்று தோற்கடித்ததில் பெரும் பங்கு சி.என்.டி. என்ற அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்துக்கு. 1910-இல் தொடங்கி லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்த சங்கம் அது. சண்டை ஓய்ந்தபோது தெருவெல்லாம் தடுப்புச் சுவர், அறுந்து தொங்கும் மின்கம்பி, கவிழ்ந்து கிடக்கும் டிராம். டிராம் கம்பெனியின் பெரிய அதிகாரிகளைக் காணவில்லை.

சங்கத்துக்காரர்களே இறங்கினார்கள். தண்டவாளம் பார்ப்பவர்கள், பட்டறை ஆட்கள், ஓட்டுநர்கள், டிக்கெட் கொடுப்பவர்கள் என்று ஒவ்வொரு பிரிவும் தனக்கு ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பியது. பொறியாளர்களைத் துரத்தவில்லை, கூடவே உட்கார வைத்துக்கொண்டார்கள். அனுப்பப்பட்ட ஆள் சரியில்லை என்றால் பிரிவே திரும்ப அழைத்துக்கொள்ளும். ஐந்தே நாளில் டிராம் ஓடியது. முன்பு 600 வண்டி ஓடிய இடத்தில், கழித்துக் கட்டி ஓரமாக நிறுத்தியிருந்ததையும் சரிசெய்து 700 வண்டி ஓட்டியதாகக் கணக்கு. எல்லாவற்றுக்கும் சிவப்பு-கருப்பு வண்ணம் அடித்தார்கள். கட்டணம் குறைந்தது. (இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் அவர்கள் இயக்கத்தார் எழுதி வைத்தது, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் வண்டி ஓடியதை அவர்களுக்குப் பிடிக்காதவர்களும் மறுக்கவில்லை.) டிராம் ஓட்ட முதலாளியும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம் என்பது நிரூபணமானது. நம்மூர் டிப்போவில் காலை நாலரை மணிக்கு எந்த வண்டிக்கு எந்த ஓட்டுநர், எந்த வண்டியில் பிரேக் பிடிக்காது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று யோசித்தால் இதில் பெரிய ஆச்சரியமும் இல்லை. அராகோன் பகுதியில் சில கிராமங்கள் இன்னும் மேலே போய்ப் பணத்தையே ஒழித்துவிட்டுச் சீட்டு கொடுத்துச் சாமான் வாங்கின. விரும்பிச் சேர்ந்தவர்களும் உண்டு, துப்பாக்கியோடு நின்ற படையைப் பார்த்துத் தலையாட்டியவர்களும் உண்டு.

அப்புறம்தான் சிக்கல். ஜூலை 20 அன்று, பார்சிலோனா அடங்கிய கட்டலோனியாப் பகுதி அரசின் தலைவர் கொம்பானிஸ் அனார்க்கிஸ்ட் தலைவர்களைக் கூப்பிட்டு, நகரம் உங்கள் கையில், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அதிகாரம் கூடாது என்பது கொள்கை. வேண்டாம் என்றார்கள். ஆனால் நாற்காலி காலியாகவும் இருக்கவில்லை. கொம்பானிஸ் அதிலேயே உட்கார்ந்திருந்தார். செப்டம்பரில் சி.என்.டி. கட்டலோனிய அரசில் சேர்ந்தது. நவம்பர் 4-இல் மத்திய அரசிலேயே நான்கு அனார்க்கிஸ்டுகள் மந்திரிகள். அரசு வேண்டாம் என்ற கார்சியா ஒலிவர் நீதித் துறை மந்திரி. ஃபெடரிகா மொன்ட்செனி சுகாதார மந்திரி, ஸ்பெயினின் முதல் பெண் மந்திரியும் அவர்தான். சிரிக்கத் தோன்றும். ராணுவக் கிளர்ச்சியின் தலைவன் ஃபிராங்கோவின் படை தலைநகர் மாட்ரிட்டின் வாசலில் நின்ற வாரம் அது என்பதையும் சேர்த்துப் படித்தால் சிரிப்பு வராது.

1937 மே மாதம் முடிச்சு அவிழ்ந்தது. தொலைபேசி நிலையம் சி.என்.டி. கையில். நாட்டின் குடியரசுத் தலைவரும் கொம்பானிஸும் பேசிக்கொண்டிருந்த அழைப்பில் தொலைபேசி ஊழியர் ஒருவர் குறுக்கிட்டு, லைன் இதைவிட முக்கியமான வேலைக்கு வேண்டும் என்று சொன்னதாகச் சொல்வார்கள். கொள்கைப்படி அந்த ஊழியர் செய்தது சரி. எந்த அரசால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியும்? மே 3 அன்று போலீஸ் லாரிகளில் வந்து இறங்கியது. ஃபாசிஸத்தை எதிர்த்து ஒரே பக்கம் நின்றவர்கள் நாலைந்து நாள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். ஆகஸ்டில் அராகோன் கூட்டுப் பண்ணைகளைக் கம்யூனிஸ்ட் தளபதி லிஸ்டரின் படை கலைத்தது. 1939 ஜனவரி 26 அன்று ஃபிராங்கோவின் படை பார்சிலோனாவில் நுழைந்தது.

நாங்கள் தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டோம் என்பது அனார்க்கிஸ்டுகளின் பதில். எனக்கு அது பாதிதான் ஒப்புதல். திருடன் வருவான் என்று தெரிந்தே கதவு வைக்காமல் வீடு கட்டினால் அதையும் கட்டட வேலையின் குறையாகத்தான் எழுத வேண்டும். ஆனால் நேர்மையாகப் பார்த்தால், மந்திரி சபை, ராணுவம், கஜானா எல்லாம் வைத்திருந்த குடியரசும் அதே போரில்தான் தோற்றது. உக்ரைனில் மக்னோ என்ற விவசாயி 1918-இலிருந்து 1921 வரை குலியாய்போலே வட்டாரத்தில் அரசில்லாத ஒரு பகுதியைக் காப்பாற்றப் படை நடத்தினார், கம்யூனிஸ்டுகளின் செம்படையோடு சேர்ந்து, அவர்களை எதிர்த்த வெள்ளைப் படையை விரட்டினார். விரட்டி முடித்ததும் செம்படை இவரை விரட்டியது. படை நடத்திய அந்த மூன்று வருடத்தில் அவரிடமும் உளவுப் பிரிவு இருந்தது, விசாரணையில்லாத சுட்டுக் கொலைகள் இருந்தன. போர் வந்தால் அரசு தானாக முளைத்துவிடுகிறது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு.

ரத்தத்தையும் மறைக்கக் கூடாது. 1894-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ, 1898-இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், 1900-இல் இத்தாலிய மன்னர் உம்பர்ட்டோ, 1901-இல் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி, நால்வரையும் கொன்றவர்கள் தங்களை அனார்க்கிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஸ்பெயினில் குடியரசுப் பகுதியில் ஏழாயிரத்துக்கு அருகில் பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் கொல்லப்பட்டார்கள். எல்லாம் இவர்கள் செய்ததில்லை, இவர்கள் பங்கு சின்னதும் இல்லை. ஆகவே அந்தச் சொல்லின் கெட்ட பெயர் முழுக்கப் போலீஸ் கட்டிய கதை என்று நான் வாதாட வரவில்லை.

அதே ஸ்பெயினில் இன்னொரு காட்சி. வலென்சியா நகரத்தில் வியாழக்கிழமை நண்பகல் மணி அடித்ததும் தேவாலயத்தின் ஒரு வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு, கருப்புச் சட்டை அணிந்த எட்டு விவசாயிகள் வட்டமாக உட்காருவார்கள். எட்டு வாய்க்காலுக்கு எட்டுப் பேர், பாசனக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகக் கூவுவார், புகார் உண்டா என்று. முறை தவறித் தண்ணீர் திருப்பியவன் வந்து நிற்பான். வக்கீல் கிடையாது, எழுத்து வாதம் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. கேட்டு, கலந்து பேசி, அங்கேயே தீர்ப்பு. பல நூற்றாண்டுகளாக இப்படி. ஐ.நா.வின் யுனெஸ்கோ 2009-இல் இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே வருடம் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், இந்த மாதிரி தண்ணீரும் மீனும் காடும் பகிர்ந்துகொள்ளும் ஊர்களை ஆராய்ந்தவர். அரசும் வேண்டாம், தனியார் உடைமையும் வேண்டாம், ஜனங்களே விதி போட்டுத் தலைமுறை தலைமுறையாக நடத்த முடியும் என்று காட்டினார். அவர் அனார்க்கிஸ்ட் இல்லை. வலென்சியா விவசாயிகளும் இல்லை. ஸ்பெயின் அரசு அந்த நீதிமன்றத்தை அங்கீகரித்து ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவே.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய் ஞாபகம் வரும். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல் ஊரே வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பி வரத்துக் கால்வாய் வெட்டியதை, கலுங்கில் அடைப்பு எடுத்ததைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். குடிமராமத்து என்ற அழகான பெயர் உண்டு அதற்கு. (பின்னாளில் அதையே அரசுத் திட்டமாக அறிவித்தார்கள். குடிகள் செய்வதை அரசு செய்தால் அது எப்படிக் குடிமராமத்து என்று ஒரு நாள் கேட்டேன், தலைப்பு நன்றாக இருக்கிறது சார், விடுங்கள் என்றார்கள்.) எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தண்ணீர் விடுகிறவர் நீர்பாய்ச்சி. யார் பக்கமும் சாயாதவர் என்று அவர்மேல் ஊருக்கு நம்பிக்கை. அறுப்பில் களத்துமேட்டில் அவருக்கு நெல் அளப்பார்கள். ஆனால் மடை திறப்பதைப் பற்றிக் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும்போது அவர் உள்ளே வர மாட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பார். முடிவை யாராவது ஒருவர் எழுந்து வந்து, உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

என் தயக்கம் அந்த வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது. அரசில்லாமல் ஊர் நடக்கும், சந்தேகமே இல்லை, நடந்திருக்கிறது. கட்டப்பஞ்சாயத்தும் அரசில்லாமல்தான் நடக்கிறது. ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதற்கு அரசாணை தேவைப்பட்டதில்லை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியின் குகை என்ற பொருளில் திட்டித் தீர்த்தது இதனால்தான். சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண் இரவோடு இரவாக ஓடிப்போய் நிற்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம் ஊருக்கு வெளியே, ஊரைவிடப் பலமானதாக இருக்க வேண்டும். காவல் நிலையம் பல சமயம் அவளைத் திருப்பி அனுப்புகிறது என்பது வேறு விஷயம். அந்தக் கதவே இல்லையென்றால்?

அனார்க்கிஸ்டுகளிடம் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. நாங்கள் எதிர்ப்பது அரசை மட்டுமல்ல, மேல்கீழ் எல்லாவற்றையும். சாதியும் ஒரு ஆட்சிதானே என்பார்கள். கொள்கையாகச் சரி. ஆனால் தாசில்தாரை ஒரு உத்தரவால் எடுத்துவிடலாம், மண்டபத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே இருக்கும் இருபது அடியை எந்தச் சங்கத் தீர்மானமும் எடுத்ததாக நான் பார்க்கவில்லை. மெக்சிகோவின் சியாபாஸில் 1994-இல் கிளம்பிய பழங்குடிக் கிளர்ச்சியாளர்களான ஸபதிஸ்டாக்கள் எழுச்சியின் தொடக்கத்திலேயே, பெண்ணை அவள் விருப்பமில்லாமல் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று பெண்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுக்கொண்டார்கள், தங்கள் ஊர்களின் வழக்கத்துக்கு எதிராகவே. தங்களை அனார்க்கிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளாத அவர்கள் முப்பது வருடமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இவ்வளவையும் தமிழில் பேச ஒரு சொல் வேண்டும், அதற்குத்தான் இந்த மடல். கொள்கைக்கு ‘அரசின்மைவாதம்’ என்று எழுதுங்கள், கொள்கைக்காரருக்கு ‘அரசின்மைவாதி’. எனக்கே முழுத் திருப்தியில்லை. கிரேக்க மூலத்தில் இருப்பது ‘ஆள்பவர் இல்லாமை’. அதை ஒட்டி ‘ஆளுநரின்மை’ என்று ஒரு முறை யோசித்தேன். கிண்டி ஆளுநர் மாளிகையில் யாரோ ராஜினாமா செய்துவிட்டார் என்று வாசகர்கள் பட்டாசு வெடிக்கலாம், அதனால் விட்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் போடுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அட்டகாசம், அடாவடி, அத்துமீறல் என்று நம்மிடம் சொல்லா இல்லை? போலீஸ் அடித்தால் ‘போலீஸ் அத்துமீறல்’. ஒற்று மிகாது.

அடுத்த மே தின இணைப்பில் சிகாகோ நால்வரைப் பற்றி எப்படியும் எழுதுவீர்கள். அந்த ஒரு வரியை முன்பு இருந்தபடியே விடுங்கள். தொலைபேசி வந்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பிழை திருத்துநர் ஒருவன்